தென்னை ஓலை கருப்பு: எனக்குத் தேடத் தெரியவில்லையா, இணையத்தில் பதிலே இல்லையா?

தோப்புக்காரர் மகன் | ஞாயிறு, இரவு 9.14

எல்லாருக்கும் வணக்கம். ஆனைமலைப் பக்கம் அப்பாவுக்கு இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். போன வாரம் அப்பா போன் செய்து, ஓலையெல்லாம் அடுப்புப் புகை படிந்த மாதிரி கருத்துக் கிடக்கிறது, அந்த நெட்டில் பார்த்து என்னவென்று சொல்லு என்றார். இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவன் எழுந்தபோது பன்னிரண்டரை.

நான் தேடியது இதுதான்: தென்னை மரத்தில் ஓலை ஏன் கருப்பாக இருக்கிறது என்ன மருந்து அடிக்க வேண்டும். வந்தது என்னவென்றால், எட்டு வீடியோ, அதில் ஆறு பேர் ஏதோ ஒரு டானிக் விற்கிறார்கள், ஒருவர் வேருக்கு உப்பு வைக்கச் சொல்கிறார், இன்னொருவர் உப்பு வைத்தால் மரம் செத்துவிடும் என்கிறார். கீழே கருத்துப் பெட்டியில் இரண்டு பேர் சாதி சொல்லித் திட்டிக்கொள்கிறார்கள். விஷயம் மட்டும் இல்லை. இதே கேள்வியைப் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் சொன்னேன், ஐந்து நிமிடத்தில் ஒரு பூச்சியின் பெயரைச் சொல்லிவிட்டாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்றால், தேடினேன் அண்ணா என்கிறாள். நானும் அதைத்தானே செய்தேன்? பூச்சி விஷயம் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்தத் தேடுகிற வித்தையை யாராவது சொல்லித் தாருங்கள்.

வெட்டிப்பேச்சு | ஞாயிறு, இரவு 9.20

உரக்கடையில் போய் ஓலையைக் காட்டுங்கள். முடிந்தது. அடுத்த கேள்வி?

நூலகப் பூனை | ஞாயிறு, இரவு 10.05

உரக்கடைக்காரரும் டானிக்தான் தருவார், வெட்டி.

தம்பி, முப்பது வருடம் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து, சிவப்பு அட்டை போட்ட தடியான புத்தகம் என்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் புத்தகம் எடுத்துக் கொடுத்தவள் நான், அதனால் சொல்கிறேன். நீங்கள் தேடவில்லை, கேள்வி கேட்டிருக்கிறீர்கள். தேடுபொறியின் வேலை அடிப்படையில் சொல்லைப் பிடித்துப் பக்கத்தைக் கொண்டுவருவது. இப்போதெல்லாம் கேள்வியின் கருத்தை ஊகிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் தமிழில் அந்த ஊகம் பல நேரம் சறுக்குகிறது. அதனால் உங்கள் கேள்வியை மறந்துவிட்டு, பதிலை எழுதி வைத்திருக்கிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன சொல்லைப் போட்டு எழுதியிருப்பார்? உங்கள் தேடலில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது "மருந்து". அந்தச் சொல்லைப் போட்டால் மருந்து விற்கிறவன்தான் வருவான், ஏனென்றால் அவன் பக்கம் முழுக்க அந்தச் சொல்தான் இருக்கும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்காரர் அப்படி எழுத மாட்டார். "மேலாண்மை" என்று எழுதுவார், "அறிகுறிகள்" என்று எழுதுவார், "தாக்குதல்" என்று எழுதுவார். "தென்னை ஓலை கரும்பூசணம் அறிகுறிகள் மேலாண்மை" என்று ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

கரும்பூசணம் என்ற சொல் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியாது. முதலில் "தென்னை ஓலை கருப்பு படலம்" என்று தேடினேன், இரண்டாவது முடிவில் அந்தச் சொல் இருந்தது, அதை எடுத்துக்கொண்டு மறுபடி தேடினேன். முதல் தேடல் பதிலுக்கு இல்லை, அந்தத் துறைக்காரர்கள் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள. பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. படம் எடுத்துத் தேடுவதாக இருந்தால் கருத்த மேல்பக்கத்தை எடுக்காதீர்கள். ஓலையைத் திருப்பி அடிப்பக்கத்தை எடுக்கச் சொல்லுங்கள் அப்பாவிடம். எதற்கு என்று நாளைக்குச் சொல்கிறேன், இப்போது தூக்கம் வருகிறது.

தோப்புக்காரர் மகன் | திங்கள், காலை 7.40

அக்கா, அப்பா காலையிலேயே படம் அனுப்பிவிட்டார். அடிப்பக்கம் முழுக்க வெள்ளையாக, கோலப்பொடியை விரலால் சுழித்து விட்ட மாதிரி வட்டம் வட்டமாக இருக்கிறது. பஞ்சு போலவும் ஒட்டியிருக்கிறது. அந்தப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டவுடனே "சுருள் வெள்ளை ஈ" என்று வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதும் இதே பெயர்தான். நேற்று நான் மேல்பக்கத்துப் படத்தைப் போட்டபோது வந்ததெல்லாம் காய்ந்த வாழை இலை.

ஓலையின் மேலே கருப்பு, ஈ இருப்பதோ அடியில். இது எப்படி?

நூலகப் பூனை | திங்கள், காலை 8.15

அதுதான் நேற்று சொல்ல வந்தது. அந்த ஈ, மேலே இருக்கிற ஓலையின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். உறிஞ்சி, பிசுபிசுவென்று தேன் போன்ற ஒரு கழிவை விடும். அது கீழ் ஓலையின் மேல் சொட்டும், அந்த இனிப்பில் கரும்பூசணம் வளரும். தோப்புக்குள் வாழையோ கொய்யாவோ ஊடுபயிராக இருந்தால் அதன் இலையும் கருக்கும்.

பெயர் கிடைத்துவிட்டதல்லவா, அடுத்து ஆங்கிலப் பெயர். "ரூகோஸ் ஸ்பைரலிங் ஒயிட்ஃபிளை". அதற்கும் மேலே ஒரு அறிவியல் பெயர், "அலூரோடிகஸ் ருஜியோபெர்குலேட்டஸ்", வாயில் நுழையாது, நுழையவும் வேண்டாம், நகலெடுத்து ஒட்டினால் போதும். அறிவியல் பெயரில் ஒரு வசதி என்னவென்றால், டானிக் விற்கிறவன் அதை எழுத மாட்டான். அந்தப் பெயரைப் போட்டவுடன் கடை வீதி முடிந்து ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிக்கும். இந்த ஈ இந்தியாவில் முதன்முதலில் 2016-ல் உங்கள் பொள்ளாச்சிப் பக்கத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்பதும் அப்படித் தேடியபோது தெரிந்ததுதான். நீங்கள் ஆனைமலையில் உட்கார்ந்துகொண்டு இணையத்தில் பதிலே இல்லை என்கிறீர்கள், உலகமே உங்கள் ஊரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறது.

பழையபாவி | திங்கள், காலை 11.30

டயல்-அப் காலத்து ஆள் வந்திருக்கிறேன். அக்கா சொன்னது அடிப்படை, நான் கருவிப்பெட்டியைத் திறக்கிறேன்.

தோப்புக்காரரே, "சைட்" என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் டிஎன்ஏயூ.ஏசி.இன் என்று முகவரியை அடியுங்கள் (அதுவும் ஆங்கில எழுத்தில்தான்). அப்புறம் ஒரு இடைவெளி விட்டு உங்கள் சொல்லைப் போடுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தளத்துக்குள் மட்டும் தேடும். டானிக்காரன் கதவுக்கு வெளியே. அரசாங்க விஷயம் என்றால் முழு முகவரிகூட வேண்டாம், ஜிஓவி.இன் என்று முடிவை மட்டும் போட்டால் அரசுத் தளங்கள் மட்டும் வரும். பலர் முக்காற்புள்ளிக்குப் பிறகு ஒரு இடைவெளி விடுவார்கள், அப்புறம் இது வேலை செய்யவில்லை என்பார்கள்.

வேண்டாத சொல்லுக்கு முன்னால் ஒட்டினாற்போலக் கழித்தல் குறி. "ஆஃப்டர்" போட்டு முக்காற்புள்ளி வைத்து 2022 என்று போட்டால் அதற்குப் பிந்தைய பக்கங்கள் மட்டும். "ஃபைல்டைப்" போட்டு முக்காற்புள்ளி வைத்து பிடிஎஃப் என்றால் பிடிஎஃப் கோப்புகள் மட்டும், பல்கலைக்கழகக் கையேடெல்லாம் அப்படித்தான் பதுங்கியிருக்கும். மேற்கோள் குறிக்குள் போட்டால் அதே சொற்கள் அதே வரிசையில்.

ஒரு சொல் கட்டாயம் வர வேண்டும் என்று அந்தக் காலத்தில் போட்ட கூட்டல் குறியை மட்டும் யாரும் போடாதீர்கள். 2011-ல் கூகுள் பிளஸ் என்று ஒரு சமூக வலைத்தளம் ஆரம்பித்து, அதற்காகக் கூட்டல் குறியைத் தேடலில் இருந்து எடுத்துக்கொண்டார்கள். கூகுள் பிளஸே செத்துப் போய்விட்டது, குறி திரும்பி வரவில்லை. எனக்கு இன்னும் விரல் பழக்கத்தில் போகிறது.

கடைசிபெஞ்ச் | திங்கள், மதியம் 1.10

ஒரு சந்தேகம். கருப்பா கறுப்பா? தலைப்பில் கருப்பு என்று இருக்கிறது. தவறு.

வெட்டிப்பேச்சு | திங்கள், மதியம் 1.12

ஆரம்பித்துவிட்டார்கள்.

நூலகப் பூனை | திங்கள், மதியம் 2.45

எது சரி என்று சண்டை போட வேறு இடம் இருக்கிறது கண்ணா. ஆனால் நல்ல இடத்தில் கை வைத்தாய். தேடுகிறவனுக்கு இரண்டும் வேண்டும், ஏனென்றால் எழுதி வைத்தவன் எதை எழுதினான் என்று தெரியாது. தமிழில் தேடுவதற்கு ஆங்கிலத்தில் இல்லாத இரண்டு மூன்று தொல்லை உண்டு, அதை யாரும் சொல்லித் தருவதில்லை, "பத்து தேடல் உத்திகள்" என்று வருகிற பதிவெல்லாம் ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்துப் போட்டதுதான்.

ஒன்று, உருபு. மாவட்டம், மாவட்டத்தில், மாவட்டத்துக்கு, மாவட்டங்களின். நமக்கு ஒரே சொல், மேற்கோள் குறிக்குள் போட்டால் எந்திரத்துக்கு நாலு சொல். பழையபாவி சொன்ன மேற்கோள் குறி ஆங்கிலத்தில் கத்தி மாதிரி வெட்டும், தமிழில் நம் கையையே வெட்டிக்கொள்வோம். "தென்னை ஓலையில்" என்று குறிக்குள் போட்டால் "தென்னை ஓலைகளில்" என்று எழுதியவர் வர மாட்டார். அதனால் தமிழில் மேற்கோள் குறியை ஊர்ப்பெயர், நூல்பெயர், பாட்டு வரி, இதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு உள்ளே கண்ட்ரோல் எஃப் போட்டுத் தேடும்போது மாவட்டம் என்று முழுசாக அடிக்காமல் "மாவட்ட" என்று நிறுத்துங்கள், நாலும் மாட்டும்.

இரண்டு, எழுத்துக்கூட்டல். டிராக்டர், ட்ராக்டர், டிராக்டார். பஸ் நிலையம், பேருந்து நிலையம், பஸ் ஸ்டாண்டு. தனித்தமிழ்க்காரர் ஒரு மாதிரி எழுதுவார், பத்திரிகைக்காரர் ஒரு மாதிரி, அரசாங்கம் ஒரு மாதிரி. தாசில்தார் என்று தேடினால் செய்தி வரும், வட்டாட்சியர் என்று தேடினால் அரசாணை வரும். ஒரே நாற்காலிதான்.

மூன்று, பழைய புத்தகங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சானதில் ணை, லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை வைத்த எழுத்தாக இருக்கும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கிற மென்பொருள் அங்கே வந்து திணறும். புத்தகத்தில் அந்தச் சொல் இருக்கும், தேடினால் இல்லை என்று வரும். இல்லை என்று வந்தால் இல்லை என்று நம்பாதீர்கள். பழைய சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைச் சிகாகோ பல்கலைக்கழகம் தேடுகிற மாதிரி இணையத்தில் வைத்திருக்கிறது, 1924-லிருந்து 1936 வரை தொகுதி தொகுதியாக வந்த அகராதி, என் நூலகத்தில் அலமாரியில் தூசியோடு இருந்ததைவிட அங்கே சுத்தமாக இருக்கிறது.

சுன்னாகத்தான் | திங்கள், இரவு 8.30

நல்ல இழை. யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு சொல் சொல்கிறேன். நீங்கள் பப்பாளி என்பதை நாங்கள் பப்பாசி என்போம். என் மச்சான் வீட்டு வளவில் பப்பாசிக்கு இலைச்சுருட்டை வந்து, அவர் பப்பாசி என்று தேடித் தேடி ஒன்றும் சரியாக வரவில்லை என்று விட்டுவிட்டார். நான் பப்பாளி என்று போட்டேன், கோவைப் பல்கலைக்கழகத்துப் பக்கம் வரிசையாக வந்தது. அதேபோல உங்கள் ஆள் ஒருவர் எங்கள் நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் பற்றி ஓட்டுநர் உரிமம் என்று தேடினால் தமிழ்நாட்டு ஆர்டிஓ அலுவலகம்தான் வந்து நிற்கும். கிராம நிர்வாக அலுவலர் என்றால் உங்கள் ஊர், கிராம உத்தியோகத்தர் என்றால் எங்கள் ஊர். அக்கா சொன்னதை நான் கடல் தாண்டிச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொரு கதை. என் அம்மாவின் தகப்பனார் ஆசிரியர், அறுபதுகளில் ஒரு பாடசாலை மலரில் கட்டுரை எழுதினார் என்று வீட்டில் சொல்வார்கள், பிரதி கிடையாது, இடம்பெயர்ந்ததில் எல்லாம் போய்விட்டது. அவர் பெயரைப் போட்டுக் கூகுளில் எத்தனையோ தரம் தேடினேன். முன்னெழுத்தோடு, முன்னெழுத்து இல்லாமல், ஆங்கிலத்தில் நாலு விதமாக. ஒன்றும் இல்லை. பிறகுதான் "நூலகம்" என்ற தளத்துக்குள்ளே போய்த் தேட வேண்டும் என்று ஒரு நண்பர் சொன்னார். 2005-ல் தொடங்கிய தளம், ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், மலர்கள் எல்லாவற்றையும் வருடி (ஸ்கேன் செய்து) வைத்திருக்கிறார்கள். புத்தகம் பெரும்பாலும் படமாகத்தான் இருக்கும், உள்ளே இருக்கிற வரியை எல்லாவற்றிலும் தேட முடியாது. ஆனால் சஞ்சிகை, மலர் என்றால் நிறைய இடங்களில் உள்ளடக்கத்தை ஆட்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து போட்டிருக்கிறார்கள், கட்டுரைத் தலைப்பும் எழுதியவர் பெயரும். அதில் தேடினேன். அவர் பெயர் அங்கேயும் இல்லை! அம்மாவிடம் கேட்டால், ஓ, அவர் புனைபெயரில் அல்லவா எழுதுவார் என்று ஆறுதலாகச் சொல்கிறார். புனைபெயரைப் போட்டேன். மூன்றாவது முடிவு. நான்கு பக்கக் கட்டுரை, கிணற்று நீர் பற்றி. அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன், இரண்டு பேரும் அழுதோம். கூகுளைவிட அம்மாவிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

தோப்புக்காரர் மகன் | திங்கள், இரவு 8.52

அண்ணே, கிணற்று நீர் என்றதும் எனக்கும் என்னவோ செய்கிறது. நன்றி.

மதுரை டீச்சர் | செவ்வாய், காலை 6.20

எல்லாரும் கண்டுபிடிப்பதைப் பற்றிச் சொல்கிறீர்கள், நான் ஏமாந்ததைச் சொல்கிறேன். போன வருடம் என் கணவருக்கு ஒரு பார்சல் வராமல் நின்றுவிட்டது. கூரியர் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண் என்று தேடினார். முதலில் வந்த எண்ணைத் தொட்டார். எதிர்முனையில் மரியாதையான குரல், சார் ஐந்து ரூபாய் கட்டினால் போதும், இந்தச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள் என்று. திரையைப் பகிர்கிற செயலி அது. 23,000 ரூபாய் போனது. உடனே 1930-க்கு அடித்தோம் (சைபர் குற்றத்துக்கான எண், குறித்துக்கொள்ளுங்கள்), அதனால் ஒரு பகுதி முடக்கப்பட்டுத் திரும்பக் கிடைத்தது. அந்த எண் கம்பெனியின் தளத்தில் இல்லவே இல்லை. வேறு யாரோ தளம் ஆரம்பித்து, கம்பெனி பெயரையும் "கஸ்டமர் கேர் நம்பர்" என்பதையும் நூறு முறை எழுதி வைத்திருக்கிறான். அக்கா சொன்ன அதே விதிதான், நாம் என்ன சொல்லைத் தேடுவோம் என்று அவனுக்கும் தெரியும், அதை எழுதி வைத்துவிட்டுத் தூண்டில்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

எண்ணைத் தேடாதீர்கள். பார்சல் ரசீதில் இருக்கும், ஏடிஎம் அட்டையின் பின்பக்கம் இருக்கும், கம்பெனியின் சொந்தச் செயலியில் இருக்கும். வங்கி என்றால் முகவரி எதில் முடிகிறது என்று பாருங்கள். 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் பேங்க்.இன் என்று முடிகிற முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருந்தது.

வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் ஒரு பழக்கம் சொல்லித் தருகிறேன். ஸ்டான்போர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கிய 10 பேர், செய்திகளின் உண்மை சரிபார்க்கிற 10 பேர், கல்லூரி மாணவர்கள் 25 பேர், எல்லாருக்கும் முன்பின் தெரியாத இணையதளங்களைக் காட்டி நம்பலாமா என்று கேட்டார்கள். முனைவர்கள் அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்தார்கள், வடிவமைப்பு நன்றாக இருக்கிறது, மேற்கோள் எல்லாம் இருக்கிறது என்று பலர் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தில் அதிக நேரம் நிற்கவே இல்லை. உடனே புதிய தாவலைத் திறந்து இவன் யார் என்று வெளியே விசாரித்தார்கள். பெண் பார்க்கப் போனால் நாம் என்ன செய்வோம்? அவர்கள் வீட்டில் கொடுக்கிற காபியை வைத்தா முடிவு செய்வோம், தெருமுனைக் கடையில் விசாரிப்போம் இல்லையா. பிள்ளைகள் சிரித்தார்கள், ஆனால் பிடித்துக்கொண்டார்கள்.

வெட்டிப்பேச்சு | செவ்வாய், காலை 9.45

டீச்சர், மாப்பிள்ளை பார்த்தாலும் விசாரிக்க வேண்டும்.

சரி சீரியஸாக ஒரு கேள்வி. இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஏஐ-யிடம் கேட்டால் தமிழிலேயே பத்தி பத்தியாகச் சொல்கிறது. நான் இப்போது தேடுவதே இல்லை. முக்காற்புள்ளி, கழித்தல் குறி எல்லாம் தந்தி அடிக்கிற காலத்துச் சமாச்சாரம்.

பழையபாவி | செவ்வாய், காலை 10.30

தந்தி ஆபீஸ்காரன் சொல்கிறேன் கேள். 2024 மே மாதம் கூகுளின் ஏஐ சுருக்கம், பீட்சாவில் சீஸ் ஒட்டவில்லையென்றால் சாஸில் கொஞ்சம் பசை கலக்கச் சொன்னது. ஒட்டுகிற பசை. எங்கிருந்து எடுத்தது என்று பார்த்தால், 11 வருடத்துக்கு முன்னால் ரெட்டிட் என்ற அரட்டைத் தளத்தில் யாரோ கிண்டலுக்கு எழுதிய வரி. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள், அப்படி வழக்குகளே கிடையாது, 5,000 டாலர் அபராதம். கிண்டல் எது, நிஜம் எது என்று அதற்கு எப்போதும் தெரிவதில்லை, ஆனால் குரல் மட்டும் எப்போதும் தலைமையாசிரியர் குரல்.

இந்தச் சுருக்கமெல்லாம் வேண்டாம், பழைய மாதிரி வெறும் சுட்டிகள் போதும் என்றால், முடிவுப் பக்கத்தின் மேலே படங்கள், செய்திகள் என்று வரிசையாக இருக்கும் இடத்தில் "வெப்" என்று ஒன்று உண்டு, சில நேரம் "மோர்" என்பதற்குள் ஒளிந்திருக்கும். அதைத் தொட்டால் நிம்மதி.

நூலகப் பூனை | செவ்வாய், மதியம் 12.10

பழையபாவி கொஞ்சம் கோபமாக இருக்கிறார். நான் ஏஐ-யைப் பயன்படுத்துகிறேன். ஒரே ஒரு வேலைக்கு, பெயர் கேட்க. "தென்னை ஓலைக்கு அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக இருக்கிறது, இதற்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் என்னென்ன பெயர்" என்று கேட்டால் நன்றாகவே சொல்லும். அந்தப் பெயரைக் கையில் வாங்கிக்கொண்டு நான் பல்கலைக்கழகத்து வாசலுக்குப் போய்விடுவேன். எவ்வளவு தெளிக்க, எத்தனை நாளைக்கு ஒரு முறை, இதையெல்லாம் அதனிடம் கேட்க மாட்டேன். வெட்டி, நீ கேட்டுப் பார், லிட்டருக்கு எவ்வளவு என்று இரண்டு முறை கேள், இரண்டு அளவு சொல்கிறதா இல்லையா என்று வந்து சொல்.

வெட்டிப்பேச்சு | செவ்வாய், மதியம் 12.31

கேட்டேன். மூன்று முறை கேட்டேன். மூன்று அளவு. போங்கடா.

கடைசிபெஞ்ச் | செவ்வாய், மாலை 5.00

என் பிரச்சினை வேறு. ஒரு பழைய அரசு அறிக்கை, பிடிஎஃப், கையில் இருக்கிறது, கண்ணுக்கு அழகான தமிழ். கண்ட்ரோல் எஃப் போட்டால் ஒரு சொல்கூட மாட்டவில்லை. ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ கொட்டுகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

பழையபாவி | செவ்வாய், மாலை 6.15

கெடவில்லை. யூனிகோடு (இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) பரவுவதற்கு முன்னால் செய்த எழுத்துரு. பாமினி, வானவில், டிஸ்கி என்று ஆளுக்கொரு முறை இருந்தது. பாமினியில் தமிழ் என்று எழுத, ஆங்கில விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு அதற்கு மேல் தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டும். கணினிக்குள் இருப்பது ஜேகேபிஓ-தான், நீ யூனிகோடில் தமிழ் என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? கூகுளும் அதை ஜேகேபிஓ என்றுதான் படித்து வைத்திருக்கும். பல வருடத்து அறிக்கை, இதழ், மலர் இப்படித்தான் கண்ணெதிரே இருந்தும் தேடலுக்குச் சிக்காமல் கிடக்கிறது.

வழி இருக்கிறது. எழுத்துரு மாற்றி என்று தேடினால் இலவசமாகவே நிறைய உண்டு. வரியை அதில் ஒட்டி யூனிகோடாக மாற்றிக்கொள். இன்னொரு திருட்டு வழி, நீ தேடுகிற சொல்லைத் தலைகீழாகப் பாமினிக்கு மாற்றி, அந்தக் குப்பையையே தேடல் பெட்டியில் போடு. நான் இப்படி ஒரு கோவில் மலரைப் பிடித்திருக்கிறேன். தேடிய என்னைப் பார்த்து என் மனைவி, கீபோர்டு மேலே பூனை நடந்துவிட்டதா என்று கேட்டாள்.

மதுரை டீச்சர் | செவ்வாய், இரவு 9.05

சுட்டியைத் தொட்டால் "பக்கம் இல்லை" என்று வருகிறதே, அதற்கு? எங்கள் துறைத் தளத்தை மாற்றியமைத்ததில் பாதிச் சுற்றறிக்கைகளைக் காணவில்லை.

பழையபாவி | செவ்வாய், இரவு 9.20

அந்த முகவரியை முழுசாக நகலெடுத்து இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒட்டுங்கள் டீச்சர். 1996-லிருந்து இணையப் பக்கங்களைச் சேர்த்து வைக்கிறார்கள். எல்லாம் இருக்காது, ஆனால் அரசுத் தளங்கள் ஆச்சரியமாக நிறைய இருக்கும். முன்பு கூகுளிலேயே "கேஷ்டு" என்று ஒரு பழைய பிரதி கிடைக்கும், 2024-ல் அதையும் தூக்கிவிட்டார்கள். முக்கியமான சுற்றறிக்கையைப் பார்த்த அன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தோப்புக்காரர் மகன் | ஞாயிறு, மாலை 6.40

ஒரு வாரம் கழித்து வருகிறேன், ஊரிலிருந்து எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத் தளத்துக்குள் மட்டும் தேடினேன். வந்தது பன்னிரண்டு பக்கம், அதில் மூன்று போதுமானதாக இருந்தது. பூச்சிக்கொல்லி அடிக்கவே வேண்டாம் என்கிறார்கள், அடித்தால் இந்த ஈயைத் தின்கிற நல்ல பூச்சிகளும் சேர்ந்து சாகுமாம். நான் இரண்டரை மணி நேரம் தேடியதே "என்ன மருந்து அடிக்க" என்று! மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவித் தோப்பில் கட்டச் சொல்லியிருக்கிறார்கள், ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். கருத்துப் போன ஓலைக்கு மைதா மாவுக் கரைசல், லிட்டருக்கு 25 கிராம், காய்ந்ததும் கருப்பு உரிந்து வரும். அப்புறம் என்கார்சியா என்று ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவி, அது ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும். அது வேண்டுமென்றால் நம் ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் மாதிரிதான் அந்த இடம்.

அப்பா மைதா கரைக்க மாட்டேன் என்றார், புரோட்டாக் கடையா வைத்திருக்கிறோம் என்று. பல்கலைக்கழகத்துப் பக்கத்தைக் காட்டியதும், நேற்று பத்து மரத்துக்கு மட்டும் அடித்துவிட்டு, இன்றைக்குக் காலையில் இருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மதியம் என் போனை வாங்கி, தானே தேடுகிறேன் என்று மைக்கைத் தொட்டு "என்கார்சியா" என்று சத்தமாகச் சொன்னார். அது "என் காசி யா" என்று கேட்டுக்கொண்டு காசி யாத்திரைப் பேக்கேஜாகக் கொட்டியது. இப்போது அம்மாவும் அவருமாகக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, ராமேஸ்வரம் சேர்த்துப் போனால் எவ்வளவு ஆகும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.